டைனமோ மேல் பழி போடுமுன்

கேள்வி: பழைய லேலண்ட் லாரி. காலையில் செல்ஃப் எடுப்பதில்லை. பேட்டரி கடைக்காரர் டைனமோ போச்சு என்கிறார். எலக்ட்ரீஷியன் பேட்டரி போச்சு என்கிறார். யாரை நம்புவது?
- லாரி உரிமையாளர், சங்ககிரி

பதில்: மல்டிமீட்டரை நம்புங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில், சாவி போடாமல், இரண்டு பேட்டரியும் சேர்ந்து 25.2 முதல் 25.4 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 24-க்குக் கீழே போனால் காலி. இன்ஜினை ஓடவிட்டு ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அமுக்கிப் பாருங்கள். 27.5 முதல் 28.5 வரை ஏற வேண்டும். 24, 25 என்றே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 29.5-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது. அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டி வந்தால் அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஹெட்லைட், வைப்பர் எல்லாவற்றையும் போட்ட பிறகும் 27-ஐ ஒட்டி நின்றால் டைனமோ நிரபராதி. அதன் பிறகு பேட்டரிகளைத் தனித்தனியே சோதியுங்கள்.

கேள்வி: சார்ஜ் விளக்கு எரிவதே இல்லை. அப்படியென்றால் சார்ஜ் ஒழுங்காக ஏறுகிறது என்றுதானே பொருள்?
- ஓட்டுநர், கரூர்

பதில்: இல்லை. சாவி போட்டதும் எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டிய விளக்கு அது. எரியவே இல்லையென்றால் பல்பையும் அதன் வயரையும் பாருங்கள். பல டைனமோக்களில் அந்த பல்பு வழியாகப் போகும் சிறு கரண்ட்தான் உள்ளே இருக்கும் ரோட்டரைக் காந்தமாக்கி எழுப்புகிறது. பல்பு போனால் நல்ல டைனமோவும் தூங்கும். ஒரு பல்பில் முடிய வேண்டிய வேலைக்கு முழு டைனமோ செலவு வைக்காதீர்கள்.

கேள்வி: ஓடும் இன்ஜினில் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்கிறார்கள். இன்ஜின் நின்றால் டைனமோ கெட்டது, நிற்காவிட்டால் நல்லது என்கிறார்கள். சரியா?
- கிளீனர், திருச்செங்கோடு

பதில்: இரண்டு வகையில் தவறு. பழைய பம்ப் டீசல் இன்ஜின் ஒருமுறை ஓடத் தொடங்கினால் டைனமோ செத்திருந்தாலும் நிற்காது. ஆகவே இந்தச் சோதனை எதையும் சொல்லாது. பேட்டரியின் பிடி விட்ட நொடியில் வோல்டேஜ் எகிறி டயோடையும் ரெகுலேட்டரையும் சுட்டுவிடும். நல்ல டைனமோவைக் கெடுக்க இதைவிடச் சுருக்கு வழி இல்லை. சொன்னவர் எத்தனை அனுபவசாலியானாலும் மறுத்துவிடுங்கள்.

கேள்வி: புது டைனமோ போட்டும் சார்ஜ் ஏறவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
- மணல் லாரி உரிமையாளர், முசிறி

பதில்: அவரைக் கேட்கும் முன் வயரைக் கேளுங்கள். பழைய லாரிகளில் நான் அதிகம் சந்தேகப்படுவது டைனமோவை அல்ல, அதற்கும் பேட்டரிக்கும் நடுவில் உள்ள வழியைத்தான். இன்ஜின் ஓட, லைட்டெல்லாம் எரிய, மீட்டரின் ஒரு முனையை டைனமோவின் பெரிய போல்ட்டிலும் மறுமுனையை பேட்டரி பாசிட்டிவிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் எங்கோ வயர் கருகியோ முனை பச்சை பூத்தோ இருக்கிறது. அடுத்து டைனமோ பாடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளந்து பாருங்கள். அங்கே 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கோளாறு. இன்ஜினையும் சேசிஸையும் இணைக்கும் எர்த் பட்டையைக் கழற்றி, அடியில் இருக்கும் துருவையும் பெயின்ட்டையும் பளபளவென்று தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி முடுக்குங்கள். பெயின்ட் அடிக்க விட்டு வந்த வண்டியில் எர்த் போவது சர்வசாதாரணம்.

பெல்ட்டை மறக்க வேண்டாம். இரண்டு புல்லிக்கு நடுவில் கட்டைவிரலால் அமுக்கினால் ஒரு சென்டிமீட்டர் போல இறங்கலாம், அதற்கு மேல் தொளதொளக்கக் கூடாது. புல்லிப் பள்ளத்தின் அடிப்பகுதி பளபளத்தால் பெல்ட் தேய்ந்து அடியில் உட்கார்ந்துவிட்டது. அந்த பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். இறுக்க இறுக்க பேரிங்தான் போகும்.

கேள்வி: ஓடும்போது 28 வோல்ட் வருகிறது. இரவு நிறுத்தினால் காலையில் பேட்டரி டவுன். பேய்க் கோளாறா?
- வைக்கோல் வண்டி ஓட்டுநர், ஆத்தூர்

பதில்: டயோட் கசிவாக இருக்கலாம். காலையில் இன்ஜினைத் தொடும் முன் டைனமோவைத் தொட்டுப் பாருங்கள். மற்ற இரும்பெல்லாம் குளிர்ந்திருக்க அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால், இரவெல்லாம் பேட்டரி அதற்குள் வடிந்திருக்கிறது. இன்னொரு சோதனை: இன்ஜின் ஓடும்போது மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி பேட்டரியில் வையுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் டயோட் பிளேட்டைப் பார்க்க வேண்டியதுதான்.

பாட்டு செட்டுக்கு ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் இழுத்திருக்கிறீர்களா? இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். அந்த ஒன்று எப்போதும் குறை சார்ஜில் கிடக்கும், மற்றது அதிக சார்ஜில் வேகும். மீட்டரில் மொத்தம் 28 சரியாகவே தெரியும்; கடைசியில் இரண்டும் சாகும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் கடையில் கிடைக்கிறது.

கேள்வி: ரிப்பேர் செய்யலாமா, புதிது வாங்கலாமா?
- சிறு லாரி உரிமையாளர், பரமத்தி வேலூர்

பதில்: கார்பன், பேரிங், ரெகுலேட்டர், டயோட் பிளேட் ஆகியவை தேய்ந்தால் தாராளமாக மாற்றலாம். பழைய வண்டிகளுக்கு உதிரிபாகம் சுலபமாகக் கிடைக்கிறது. காயில் கருகி வாடை அடித்தாலோ, பேரிங் உட்காரும் இடமே தேய்ந்து ஷாஃப்ட் ஆடினாலோ புதிதுதான்.

வாங்கும்போது வோல்ட், ஆம்பியர், புல்லி அளவு மூன்றையும் பழையதோடு ஒப்பிடுங்கள். பல சின்ன டீசல் வண்டிகளில் பிரேக்குக்கான வேக்வம் பம்ப் டைனமோவின் முதுகிலேயே இருக்கும். அங்கே ஆயில் சீல் கசிந்தால் கார்பன் நனைந்து புது டைனமோவும் படுத்துவிடும். மாற்றிய பின் பிரேக்கைச் சோதிக்காமல் ரோட்டில் ஏறவே கூடாது. கழற்றும் முன் பேட்டரி நெகட்டிவை எடுத்துவிட்டு, வயர்கள் இருக்கும் நிலையை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காலியான பேட்டரியை வெளியே சார்ஜ் போட்ட பிறகே மாட்டுங்கள். புது டைனமோவின் முதல் வேலையே செத்த பேட்டரியைத் தூக்குவதாக இருந்தால் அது சூடேறிப் போகும். புது பெல்ட் சில நூறு கிலோமீட்டரில் தளரும், மறுபடி இறுக்க வேண்டும். பாடியில் வெல்டிங் வைக்கும் நாளில் பேட்டரி, டைனமோ இரண்டின் வயரையும் கழற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: நடுராத்திரி ரோட்டில் சார்ஜ் விளக்கு எரிந்தால் ஊர் போய்ச் சேரலாமா?
- ஓட்டுநர், நாமக்கல்

பதில்: முதலில் ஓரங்கட்டி பெல்ட்டைப் பாருங்கள். பல இன்ஜின்களில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. அறுந்திருந்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள், ஹெட் போய்விடும். பெல்ட் நன்றாக இருந்தால் பகலில் பட்டறை வரை ஓட்டலாம். இரவில் கூடாது. ஹெட்லைட் மங்குவது உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் மெதுவாக நடக்கும். பின் விளக்கு செத்த லாரியை வேகமாக வருகிறவன் கடைசி நொடியில்தான் பார்ப்பான். வெளிச்சமுள்ள பங்க்கில் நிறுத்திப் படுங்கள். உரிமையாளர்களே, அந்த ராத்திரியில் சரக்கு தாமதமாகிறது என்று போனில் டிரைவரை விரட்டாதீர்கள்.