பூஞ்சைக்கு லென்ஸ் ஈந்த வள்ளல்

முல்லைக்கொடி பற்றிப் படரத் தேரைக் கொடுத்த பாரியைக் காலங்காலமாகப் பாடி வருகிறோம். பூஞ்சை படர ஒன்றரை லட்ச ரூபாய் லென்ஸைக் கொடுத்த எங்கள் காங்கேயத்து அண்ணனைப் பாடத்தான் ஒரு புலவரும் வரவில்லை. பாரியின் கொடை ஒரு கணத்தில் முடிந்துவிட்டது. அண்ணனோ பொருளைத் தன் பீரோவிலேயே வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் சிறுகச் சிறுக ஈந்தவர்.

அண்ணனுக்குத் தொழில் கொப்பரைக் களம். காங்கேயம் மழைமறைவு ஊர். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வந்து ஊரையே உலுக்கும். மழை மட்டும் மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். அந்த வெயிலையும் காற்றையும் நம்பித்தான் இங்கே இத்தனை களங்களும் எண்ணெய் ஆலைகளும். பச்சைத் தேங்காயில் ஏறக்குறையப் பாதி ஈரம். அதை 6 சதவீதத்துக்கு இறக்கினால்தான் பருப்பு நிற்கும், இல்லாவிட்டால் பூசணம். மேற்கே மேகம் கறுத்தால் அண்ணன் சாப்பிட்ட கையைக் கழுவாமல் ஓடித் தார்ப்பாயை இழுப்பார். ஒரு பருப்பை ஒடித்துப் பார்த்தே ஈரம் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். களத்தில் பூசணத்துக்கு அவர் எமன். கேமராப் பையைத் தொட்டதும் அதே மனிதர் வள்ளலாருக்கு அடுத்த ஜீவகாருண்யராகிவிடுவது எங்கள் ஊர் செய்த புண்ணியம்.

சாதாரண மனிதர்கள் மழை நின்றபின் வால்பாறை போவார்கள். அண்ணன் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போதுதான் போவார். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் காரின் ஏசி முழு வேகத்தில் ஓடும். கேமரா மடியில் சில்லென்று குளிர்ந்திருக்கும். புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்கைக் கண்டதும் கதவைத் திறந்து பாய்வார். குளிர்ந்த கண்ணாடி ஈரக்காற்றைத் தொட்டதும் லென்ஸ் முழுக்கப் பனி மூடும். பயந்தவர்கள் வண்டி நிற்பதற்கு முன்பே ஏசியை அணைத்து, கேமராவை ஜிப் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி, வெளிச்சூடு அதற்கு ஏறும்வரை அரை மணி நேரம் காத்திருப்பார்களாம். குரங்கைக் காக்க வைப்பது அண்ணனின் பண்பாட்டில் இல்லை. தோள் துண்டால் ஒரு துடை. பனி போகவில்லையா? தூறலிலேயே லென்ஸைக் கழற்றி உள்ளே வாயால் ஊதுவார்.

"அண்ணா, ஒரு பிளாஸ்டிக் கவராவது போட்டுக்குங்கண்ணா" என்றான் வண்டி ஓட்டிய தம்பி.

"இது வெதர் சீல்டு லென்ஸுடா தம்பி. கம்பெனிக்காரனுக்குத் தெரியாதா?"

எத்தனை பெரிய நம்பிக்கை! இத்தனைக்கும் ஐபி 53 என்று அளந்து சொல்லும் ஓஎம்-1 போன்ற சில கேமராக்களைத் தவிர, எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்று பெரும்பாலான கம்பெனிகள் எண் கொடுப்பதே இல்லை. அந்த 53-ம் தூறலுக்குத்தான், தண்ணீரில் முக்குவதற்கு அல்ல. லென்ஸுக்கு சீல் இருந்தும் பாடிக்கு இல்லையென்றால் தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும். அண்ணனின் பாடிக்கு இல்லை. விருந்தாளி வர ஒரு கதவாவது திறந்திருக்க வேண்டாமா?

ஊர் திரும்பியதும் உபசாரம் தொடங்கும். பூஞ்சைக்கு வேண்டியது 60 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம், இருட்டு, அசையாத காற்று, தின்னக் கொஞ்சம் தூசியும் விரல் எண்ணெயும். ஈரத்துண்டோடு சேர்த்துத் தோல் உறையில் போட்டு, பையை ஜிப்பால் மூடி, தீபாவளி வரை பீரோவில் பூட்டி வைத்தால் நான்கும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். வெளியே காங்கேயத்து வெயில் பருப்பைச் சுட்டுக்கொண்டிருந்தாலும் பைக்குள் வால்பாறை வாடாமல் இருக்கும்.

அவருடைய சமத்துவத்தையும் சொல்ல வேண்டும். பக்கத்துத் திருப்பூரில் கப்பல் ஏறும் பனியனுக்குக்கூட அட்டைப்பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுகிறார்கள். பனியனுக்குக் கிடைக்கும் சலுகை லென்ஸுக்குக் கிடைத்தால் அதற்குத் தலைக்கனம் ஏறிவிடாதா? காற்றுப் புகாத ஒரு டப்பா, ஆரஞ்சு நிற ஜெல் கொஞ்சம், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. எல்லாம் சேர்ந்து ஒரு மூட்டைப் பருப்பின் விலைகூட வராது. முள் 40-க்கும் 50-க்கும் நடுவே நின்றால் போதும். ஜெல் பச்சையானால் சூடாக்கிக் காயவைத்தால் மறுபடி ஆரஞ்சாகிவிடும். பகலெல்லாம் காயப்போடுகிற மனிதரை வீட்டிலும் காயப்போடச் சொல்வது இரக்கமற்ற செயல்.

கேமரா நனைந்தால் பேட்டரியைக் கழற்றி, ஆன் செய்யாமல், துடைத்துக் காற்றாட வைக்கச் சொல்வார்கள். அண்ணன் முதலில் ஆன் செய்து உயிர் இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு அரிசி மூட்டைக்குள் புதைப்பார். எண்ணெய் ஆலைகளோடு அரிசி ஆலைகளும் உள்ள ஊர்க்காரர் அரிசியைக் கைவிட முடியுமா? அரிசி ஈரத்தை அதிகம் இழுக்காது. மாவுத்தூசியை மட்டும் தாராளமாகக் கொடுக்கும். பூஞ்சைக்கு விருந்தில் சோறு இல்லாத குறை அப்படித் தீர்ந்தது.

இரண்டாம் உலகப் போரில் நியூகினிக் காடுகளில் படைவீரர்களின் தூரக்கண்ணாடிகளைப் பூஞ்சை சில வாரங்களிலேயே மறைத்தது. ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் அதை ஒழிக்க மருந்து தேடினார்கள். இரு தரப்புக் கருவிகளையும் அண்ணனிடம் ஒப்படைத்திருந்தால், யாரும் யாரையும் குறிபார்க்க முடியாமல் போரே நின்றிருக்கும்.

தை பிறந்ததும் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே சிலந்தி வலை போல வெள்ளை நூல்கள். பழுது பார்ப்பவர், "ஃபங்கஸ் விட்ட அமிலம் கோட்டிங்கை அரிச்சிருச்சுங்க. துடைச்சா நூல் போகும், தழும்பு போகாது" என்றார். அண்ணன் கலங்கவில்லை. "இப்பெல்லாம் கம்பெனி சரக்கே சரியில்லீங்க" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிப் புது லென்ஸுக்குப் பணம் கட்டினார். ஜப்பான் தேசம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது.

பூசணம் பிடித்த பருப்பை யாராவது நல்ல பருப்பென்று தலையில் கட்டினால் களத்திலேயே சட்டையைப் பிடிக்கிறவர், பழைய லென்ஸை விற்க இப்படி விளம்பரம் கொடுத்திருக்கிறார்: "புத்தம் புதுசு போல. ஒரே கை. பயன்படுத்தியது மிகக் குறைவு." அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அண்ணன் பயன்படுத்தியது குறைவுதான். மீதி நாளெல்லாம் பூஞ்சை அல்லவா பயன்படுத்தியது!