ஆறால் வகுக்கும் மாமி

தெருவுக்கு ஒரு பொம்மைத் தையல் மாமி கட்டாயம் உண்டு. நவராத்திரிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே அவர் பார்வை மாறிவிடும். கல்யாண வீட்டில் உங்கள் எதிரே உட்கார்ந்து வைத்த கண் வாங்காமல் பார்ப்பார். நம் பட்டில் மயங்கிவிட்டார் என்று நீங்கள் பூரித்துப் போவீர்கள். மாமியின் கண்ணோ ரவிக்கைக் கையில் ஓடும் கால் அங்குல ஜரிகையில் இருக்கும். "இது கிழிஞ்சா தூக்கிப் போட்டுடாதேம்மா, எங்கிட்ட குடு" என்பார். அன்றைக்குத்தான் அதை முதல் தடவையாக உடுத்தியிருப்பீர்கள்.

மாமியின் உலகம் ஆறால் வகுபடும். பார்பி பொம்மையின் உயரம் 11.5 அங்குலம், மனுஷியில் ஆறில் ஒரு பங்கு என்பது கணக்கு. ஆகவே ஆறு கஜம் புடவை அவளுக்கு ஒரு கஜம். மடிசார் என்றால் ஒன்றரை. அவள் ஜோடி கென்னுடைய நாலு முழ வேட்டிக்கு மாமாவின் கைக்குட்டை தாராளம். மாமா பல வருஷமாகத் துண்டால்தான் மூக்கைத் துடைத்துக்கொள்கிறார்.

ஆறால் வகுபடாதது துணியின் கனம். காஞ்சிபுரம் பட்டை ஒரு கஜமாக வெட்டிவிடலாம். ஆறில் ஒரு பங்காக மெலிசாக்க யாராலும் ஆகாது. அதைக் கொசுவிச் செருகினால் பார்பிக்கு வளைகாப்பு நடத்த வேண்டியதுதான். அதனால்தான் மல் துணி, நைந்த ஷிஃபான் துப்பட்டா என்று மாமி வீடு வீடாக வேட்டையாடுகிறார். தெருமுனை டெய்லர் அவர் தலையைக் கண்டதுமே வெட்டுத்துண்டுப் பையை எடுத்து வெளியே வைத்துவிடுவார்.

மாமி கைபழகியது மரப்பாச்சியில். ஒரே கட்டையில் செதுக்கிய உடம்பு, கை விலாவோடு ஒட்டியிருக்கும்; துணியைச் சுற்றிவிட்டால் தீர்ந்தது. பார்பி அப்படியா? விரித்த விரலில் நூல் மாட்டும். வளையல் கடைக்காரர் கையில் பிளாஸ்டிக் உறையை மாட்டி வளையல் ஏற்றுவதுபோல, மாமியும் அந்தக் குட்டிக் கையில் பாலிதீன் துண்டைச் சுற்றித்தான் ரவிக்கையை ஏற்றுவார். தலை பெரிசு, கழுத்து சிறிசு என்பதால் முதுகுப் பக்கம் முழுக்கத் திறப்பு. துண்டு சிறிசானால் தையல் மிஷினின் பல் அதை அப்படியே விழுங்கும். அடியில் பட்டர் பேப்பர் வைத்துத் தைத்து, பிறகு பேப்பரை மட்டும் கிழித்தெடுப்பார். இஸ்திரி போடுவது மருமகளின் தலைமுடி நீட்டும் கருவியால். அரக்குத் துணி என்றால் சாயம் போகும்வரை அலசியாக வேண்டும். இல்லாவிட்டால் சாயம் பிளாஸ்டிக்கில் இறங்கி, பார்பிக்கு ஆயுசுக்கும் முதுகு சிவப்பு.

சௌகார்பேட்டை லேஸ் கடையில் அரை மீட்டர் கேட்பார்.

"குழந்தைக்காம்மா?"

"ஆமாம்பா."

"என்ன வயசு?"

"1959-ல பொறந்தவ."

கடைக்காரர் லேஸை மடித்துக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கவனிப்பார். மாமி சொன்னதில் பொய்யில்லை. அந்த வருஷம் மார்ச் 9-ம் தேதி நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில்தான் பார்பி முதன்முதலாக வந்து நின்றாள். அவளை உருவாக்கிய ரூத் ஹேண்ட்லர் தன் மகள் பார்பராவின் பெயரை வைத்தார். கென்னும் அவர் மகன் பெயர்தான். "அக்கா தம்பிப் பேரை வச்சுட்டு ஜோடி சேர்த்திருக்காளே!" என்று மாமிக்கு இன்றுவரை ஆறவில்லை. அதனால் அவர் வீட்டுக் கொலுவில் இருவரும் வேறு வேறு படி.

2016-ல் மாட்டெல் கம்பெனி பருத்த உடம்பு, நெட்டை, குட்டை என்று பார்பியைப் புதுப்புது அளவில் இறக்கியது. உலகமே கை தட்டியது. மாமி மட்டும், "இத்தனை வருஷமா தைச்ச ரவிக்கை ஒண்ணுகூட ஏறலையே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். இப்போது பொம்மை ரவிக்கைக்கும் பிரித்துவிட உள்தையல் விட்டே தைக்கிறார்.

பொம்மை வாங்கியது பேத்திக்கு. பேத்தி அதைத் தொட வேண்டுமானால் கை கழுவிக்கொண்டு வர வேண்டும். கழுவிக்கொண்டு வந்தாலும் பார்க்கலாம், அவ்வளவுதான். "எனக்கும் ஒரு பிளவுஸ் தைச்சுக் குடுங்களேன் மாமி" என்று யாராவது கேட்டால், "நான் மனுஷாளுக்குத் தைக்கறதில்லைம்மா" என்று பதில் வரும். உங்கள் ரவிக்கையை டெய்லர் ஒரு மத்தியானத்தில் முடித்துவிடுவார். பார்பியின் ரவிக்கைக்கு மாமிக்கு இரண்டு நாள். துணியின் கனத்தோடு நேரமும் அந்த வகுத்தலுக்கு அடங்குவதில்லை.

ஆகவே கொலுவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "இதுக்குப் போயா இவ்வளவு மெனக்கெடல்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். முதுகுத் தையல் தெரிய வேண்டும் என்றே ஒரு பார்பியைத் திருப்பி வைத்திருப்பார். அதைப் பார்த்து நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லுங்கள். சொன்னால் சுண்டல் இரண்டு கரண்டி விழும். சொல்லாவிட்டால் அதையும் ஆறால் வகுத்துத்தான் தருவார்.