பிரதமரம்மாவும் எங்கள் அப்பாயியும்

1960 ஜூலை 21 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்க இலங்கைப் பிரதமரானார். உலகத்தில் அதுவரை எந்த நாட்டிலும் ஒரு பெண் அந்தப் பதவிக்கு வந்ததில்லை. ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த எங்கள் அப்பாயிக்கு அன்று ஏகப்பட்ட சந்தோஷம். “பொம்பள ஒருத்தி ஆள வந்துட்டா, நம்ம கஷ்டம் தெரியாமலா போகும்னு லயம் பூரா அதே பேச்சுதான்” என்பார். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். அந்தத் தேர்தலில் அப்பாயிக்கு ஓட்டு இல்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியிருந்தது.

சிறிமாவோவின் துணிச்சலை நான் குறைத்துப் பேசமாட்டேன். 1959 செப்டம்பரில் பிரதமராயிருந்த கணவர் ஒரு பிக்குவின் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானபோது, மூன்று பிள்ளைகளோடு நின்றவர் அவர். அழுது ஓட்டுக் கேட்கும் விதவை என்று ஏளனம் செய்தார்கள். கணவரின் கட்சியை வெல்லவைத்து, செனட் வழியாகப் பிரதமர் நாற்காலிக்கு வந்தார். 1976இல் அணிசேரா நாடுகளின் மாநாட்டைக் கொழும்பில் கூட்டித் தலைமை தாங்கினார்.

அதே கை 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. நாடற்றுக் கிடந்த ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். இரண்டு பெண் பிரதமர்கள் உட்கார்ந்து எடுத்த முடிவு அது. எந்தத் தோட்டத்துப் பெண்ணையும் யாரும் கேட்கவில்லை. அப்பாயியின் அக்காவுக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தது. தாத்தாவின் பெயர் இந்தியப் பட்டியலில் இருந்தது. தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்த அந்த எழுபதுகளில், பிரிந்து போகிறவர்களின் அழுகையால் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயரெடுத்த ரயிலில் அப்பாயியும் தாத்தாவும் தலைமன்னார் போய்க் கப்பலேறினார்கள். கூடப் பிறந்தவளை அப்பாயி அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. தமிழ்நாட்டில் கூடலூர்ப் பக்கம், அரசின் ‘டான்டீ’ தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் அதே கொழுந்து, அதே கூடை. இங்கே அவர்களுக்குப் பெயர் ‘சிலோன்காரங்க’.

1980 அக்டோபரில் இலங்கையில் ஜனாதிபதி ஜெயவர்த்தனாவின் அரசு சிறிமாவோவின் குடியியல் உரிமைகளை ஏழு ஆண்டுகளுக்குப் பறித்தது. பாராளுமன்றப் பதவி போயிற்று. தேர்தலில் நிற்கவும் முடியாது, ஓட்டுப் போடவும் முடியாது. 1984இல் எங்கள் அப்பாயி கூடலூரில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார். உலகின் முதல் பெண் பிரதமருக்கு அப்போது அந்த உரிமை இல்லை. அவருக்கு நேர்ந்தது அநீதி என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். உரிமை இல்லாமல் வாழ்வது என்னவென்று எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1986இல் அவருக்கு உரிமைகள் திரும்பின. மகள் சந்திரிகா ஜனாதிபதியாக இருக்கையில் மூன்றாம் முறை பிரதமரானார். 2000 அக்டோபர் 10 அன்று, ஓட்டுப் போட்டுவிட்டு வீடு திரும்பும் வழியில் இறந்துபோனார்.

தோட்டங்களில் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 2003இல்தான் சட்டம் குடியுரிமை தந்தது. 2024 தேர்தலில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றம் போனார்கள். இருவரும் மலையகத் தமிழ்ப் பெண்கள். லயத்தில் இன்னும் குடியிருக்கும் குடும்பங்களுக்குச் சொந்தக் காணியும் வீடும் வாங்கித் தருவதை அவர்கள் தங்கள் முதல் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.