நீதிமன்றம் ஏறிய நாயகி

இலங்கை மலையகத்தின் ராகலைத் தேயிலைத் தோட்டங்களைக் களமாக்கி, விவாகரத்துக் கேட்கும் பெண்ணைப் பற்றி வரலாற்று நாவல் எழுதப் புகுகிறவர், நானுஓயாவிலிருந்து ராகலைவரை ஒருகாலத்தில் ஓடிய குறுகிய பாதை ரயிலுக்கும் மூடுபனிக்கும் பக்கங்களை வாரி வழங்கிவிட்டு, வழக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டால், வாசகருக்கு மிஞ்சுவது குளிர் மட்டுமே. மலையகத் தமிழருக்குப் பொருந்தும் 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம், பிறர் உறவு, வன்மமாகக் கைவிடல், அதாவது துணையை வேண்டுமென்றே விட்டுப் பிரிதல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை ஆகிய மூன்றையே காரணமாக ஏற்கிறது. மனமொத்துப் பிரிய அதில் வழியில்லை. தோட்டத்துக்குக் கீழே வலப்பனைக் கிராமத்துக் கண்டியச் சிங்களத் தம்பதியருக்கோ, 1870ஆம் ஆண்டுச் சட்டம் முதலே, இருவரும் சம்மதித்தால் பதிவாளரிடமே பிரிய முடிந்தது. ஒரே மலையில் இரு நீதி என்பதே ஒரு நாவலுக்குப் போதும். இத்தகைய நாவலின் நாயகியோ, லயத்தில், அதாவது தொழிலாளரின் வரிசை வீட்டில், தாலி கட்டியதோடு நின்று பதிவேட்டில் ஏறாத மணத்துக்குச் சாட்சி தேடும் கவலையுமின்றி, வெள்ளைக்கார நீதிபதி முன் செந்தமிழில் முழங்குகிறாள். அவள் பறித்த கொழுந்துக்கான கூலியைக் கணவனே கைநீட்டி வாங்கும் சம்பள நாளுக்கு ஒரு வரிகூட ஒதுக்காத நாவல், எத்தனை பக்கம் இருந்தாலும், வரலாற்று நாவல் ஆகாது.