வேகமா, விவேகமா?

கேள்வி: 'மேஜிக்: த கேதரிங்' சீட்டாட்டத்தில், மூன்றாம் முறையிலேயே கதையை முடிக்கும் காம்போ டெக்தான் கெத்து என்கிறான் மகன். நிதான டெக்தான் நிலைக்கும் என்கிறேன் நான். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, துன், சுவிட்சர்லாந்து

பதில்: கணக்கு உங்கள் பக்கம், அம்மா! சேர்ந்து வந்தால் ஆட்டத்தையே முடிக்கும் காம்போவின் இரண்டு சீட்டுகளையும் 60 சீட்டுக் கட்டில் தலா 4 வைத்தாலும், முதல் 7 சீட்டில் இரண்டும் சேர்ந்து வருவது 100-க்குச் சுமார் 15 தடவைதான். மற்ற நேரமெல்லாம் மாப்பிள்ளை மணவறையில், தாலி வழியில்! அதனால்தான் கெட்டிக்கார காம்போ டெக்குகளில் தேடி எடுக்கும் சீட்டுகள் நிறைய இருக்கும்.

நிதான டெக்கில் ஒரு சீட்டே இரண்டு சீட்டின் வேலையைச் செய்யும். லாபம் மெல்லச் சேரும். மேஜிக் போட்டிகளின் 'சுவிஸ்' சுற்றுமுறையும் உங்கள் நாட்டில் பிறந்ததுதான்: 1895, சூரிச் சதுரங்கப் போட்டி. தோற்றாலும் வெளியேற்றம் இல்லை என்பதால், சீராக ஜெயிப்பவரே மேலே வருவார்.

ஆனால் மகனை அலட்சியம் செய்யாதீர்கள். 1998-இல் வந்த 'உர்சாஸ் சாகா' தொகுப்பின் காம்போக்கள் போட்ட ஆட்டத்தில், 1999-இல் பல சீட்டுகளுக்குத் தடையே வந்தது. எதிரியைத் தடுக்கும் சீட்டு இல்லாத நிதானம், வெறும் தாமதம். அந்தத் தடுப்புச் சீட்டில் நாலைச் சேர்த்துக்கொண்டு அவன் எதிரே உட்காருங்கள், இருவருமே தேறுவீர்கள்!