குண்டடத்துக்கு ஒரு ஃபிட் சாம்பிள்

கிராமத்துக்குக் குடிபோகலாமா என்று ஒருவன் யோசிக்கிறான் என்றால், அவனுக்கு நேரம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு அந்த நேரத்தைக் கொடுத்தவர் அமெரிக்க அதிபர். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகளுக்கு மொத்தம் 50 சதவீதம் வரி என்று அவர் ஆக்கியதும் திருப்பூரில் அமெரிக்க ஆர்டர்கள் பல அப்படியப்படியே நின்றன. நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். காலையில் எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்கு வெளியே வருகிற ஒன்றரை ஷிப்ட் ஆசாமி. திடீரென்று ஐந்தரைக்கே பெல் அடித்து வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

மண்ணரையில், ஊத்துக்குளி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் லைன் வீடு. அந்த வீட்டுக்குள் சாயங்கால வெயில் வரும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அந்த நேரத்தில் என்னை எங்கே வைப்பது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கட்டில், மகள் படிக்கிற இடம். வாசற்படி, அக்கம்பக்கத்துப் பெண்கள் குடத்தை வைக்கிற இடம். சமையலறையில் நான் நின்றால் மனைவி வெளியே நிற்க வேண்டும். கடைசியில் பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு மூலையை ஒதுக்கி, செல்போனைக் கையில் கொடுத்து உட்கார வைத்தார்கள். கெட்டது அங்கேதான்.

ஐ.டி. வேலையை உதறிவிட்டு இயற்கை விவசாயத்துக்கு வந்த தம்பதி, துபாய் வேலையை உதறிவிட்டு ஆட்டுப்பண்ணை வைத்த அண்ணன் என்று வீடியோக்கள் வரிசையாக வந்தன. உதறியவர்கள் எல்லோரும் மாதம் லட்ச ரூபாய்க்கு மேல் உதறியவர்கள். செக்கிங் சூப்பர்வைசர் சம்பளத்தை உதறியவர் ஒருவர்கூட இல்லை. வேறொருவராக இருந்தால் அதை எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டிருப்பார். நான் வாய்ப்பு என்று எடுத்துக்கொண்டேன். அந்தத் துறையில் முதல் ஆள் நானாக இருக்கலாம் அல்லவா?

எனக்கு நிலம் கிடையாது. மாமனாருக்கு உண்டு. குண்டடம் பக்கம், திருப்பூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் கொஞ்சம் தோட்டம், கொஞ்சம் கொறங்காடு, நடுவில் சாளை என்கிற தோட்டத்து வீடு. கொறங்காடு என்பது கொங்கு நாட்டு மேய்ச்சல் நிலம். சுற்றிலும் முள்ளுக்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்வேல மரம். யாரும் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். மழை பெய்தால் புல், பெய்யாவிட்டால் பொறுமை. வேலை செய்யாமலே நடக்கிற விவசாயம் என்று எனக்குப் பட்டதால் அதன் மீது தனிப் பிரியம் வந்தது.

மனைவியிடம் விஷயத்தைப் போட்டேன். மண்ணரை மீது ஒரு குற்றப்பத்திரிகையும் வாசித்தேன். நல்ல தண்ணி எந்த நாள் வரும் என்று குழாய்க்கே தெரியாது. உப்புத் தண்ணியில் குளித்து என் தலையில் பாதி போய்விட்டது. நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற ஆறு. நம்மூரைத் தாண்டும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்ட வேண்டியிருக்கிறது. பாசனத்துக்கென்று கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணி தேங்கியதால், "சாமி, தண்ணியைத் தேக்காதீங்க" என்று விவசாயிகளே கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை எல்லாம் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. இவ்வளவையும் சொன்னேன். அந்த உத்தரவு வந்தபோது கலர் துணி வராமல் வேலையில்லாமல் டீக்கடையில் உட்கார்ந்து கோர்ட்டைத் திட்டியவர்களில் நானும் ஒருவன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"நஞ்சராயன் குளத்துக்கு மங்கோலியா பக்கமிருந்து வரித்தலை வாத்து வருதுங்கப்பா" என்றாள் மகள். பள்ளிக்கூடத்தில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார்கள். மண்ணரையிலிருந்து ஊத்துக்குளி ரோட்டில் போனால் கொஞ்ச தூரத்தில் அந்தக் குளம். 2022இல் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயம் ஆயிற்று, 2024இல் ராம்சர் பட்டியலிலும் ஏறிவிட்டது. "இமயமலையைத் தாண்டி வாத்தே திருப்பூருக்கு வருது. நீங்க எதுக்குப் போறீங்க?"

வாத்துக்கு ஈ.எஸ்.ஐ. பிடித்தம் கிடையாது என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் தோன்றவில்லை. அதனால் உலக நடப்புக்குத் தாவினேன். அமெரிக்காவில் வெர்மான்ட் என்று ஒரு மாநிலம், பெரும்பாலும் கிராமம். வெளியூர்க் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டு அங்கே வந்து குடியேறுகிறவர்களுக்கு 10,000 டாலர் வரை கொடுக்க 2018இல் சட்டமே போட்டார்கள். ஜப்பானில் டோக்கியோவை விட்டுக் கிராமப்பக்கம் போகிற குடும்பத்துக்கு, குழந்தை ஒன்றுக்குப் பத்து லட்சம் யென் வரை தருவதாக 2023இல் அறிவித்தார்கள்.

"அப்படிங்களா? எங்கப்பா எவ்வளவு குடுப்பாருன்னு போன் போட்டுக் கேக்கட்டுங்களா?" என்றாள் மனைவி. கல்யாணத்துக்கு அப்புறம் அவரிடம் வாங்கிய கைமாற்று இரண்டு இன்னும் பாக்கி நிற்பதால் பேச்சு அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவளே ஒரு வழியும் சொன்னாள். பையருக்கு ஐம்பதாயிரம் பீஸ் தைப்பதற்கு முன்னால் ஃபிட் சாம்பிள் என்று ஒன்றைத் தைத்து அனுப்புகிறோம். ஆள் மீது போட்டுப் பார்ப்பார்கள். கை தூக்கினால் எங்கே பிடிக்கிறது, குனிந்தால் எங்கே ஏறுகிறது என்று எழுதி அனுப்புவார்கள். அது ஓகே ஆன பிறகுதான் துணியே வெட்டுவோம். "தீபாவளி லீவுக்கு அப்பா ஊட்டுல போயி இருந்து பாருங்க. சாம்பிள் ஓகே ஆச்சுன்னா ஊட்டக் காலி பண்ணிக்கலாம்."

தீபாவளிக்குத் திருப்பூர் காலியாகிவிடும் என்பது ஊரறிந்த விஷயம். போனஸை வாங்கிக்கொண்டு மதுரைக்காரர் மதுரைக்கும் தேனிக்காரர் தேனிக்கும் போய்விடுவார்கள். நாங்கள் தாராபுரம் பஸ்ஸில் ஏறினோம். மனைவி ஏறும்போதே தெளிவாகச் சொன்னாள்: சாம்பிள் நான்தான், அவளும் பிள்ளையும் பையர்.

சாளையில் விடியற்காலை நாலரைக்கு மயில் அகவும். வீடியோவில் மயிலுக்குப் பின்னால் புல்லாங்குழல் வாசித்திருந்தார்கள். நேரில் மயில் மட்டும்தான். கட்டுத்தரையில் அத்தை பால் கறந்துகொண்டிருந்தார். நானும் கறக்கிறேன் என்றேன். "வேண்டாங்க மாப்பிள்ளை, அது புது ஆளைக் கண்டா அடக்கிக்கும்" என்றார். ஜெர்சிக் கலப்பு மாடு. நான் குத்துக்கால் வைத்து உட்கார்ந்ததும் திரும்பி ஒரு பார்வை பார்த்தது. எங்கள் எம்.டி. அப்படித்தான் பார்ப்பார், ஷிப்மென்ட் லேட் ஆன அன்று. நான் இழுத்த இழுப்புக்கு வந்தது இரண்டு பீச்சு. ஒன்று என் லுங்கியில். அப்புறம் அது காலை ஒரு நகர்த்து நகர்த்தியது. போசி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

அத்தை கறந்த பாலைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு சொசைட்டிக்கு நான்தான் போனேன். அங்கே ஒரு ஸ்பூன் பாலை மெஷினில் வைத்து ஃபேட், எஸ்.என்.எஃப். பார்த்துச் சீட்டுக் கொடுக்கிறார்கள். நாள் பூராவும் அடுத்தவன் தைத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டுகிறவன் நான். என் போசியை ஒருவர் சோதிக்க, நான் கைகட்டி நின்றது அதுதான் முதல் தடவை. பசும்பால் தரமாக இருந்தால் அப்போது லிட்டருக்கு 35 ரூபாய்; அதற்கு மேல் 2023 டிசம்பரிலிருந்து அரசு ஊக்கத்தொகை 3 ரூபாய். தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை விலையை மாமா சொல்லச் சொல்ல செல்போனில் கூட்டிக் கழித்தேன். மிச்சமென்று கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

"மிச்சம் எங்கீங்க மாமா?"

"சாணி மிச்சமுங்க மாப்பிள்ளை."

விடவில்லை. காங்கேயம் மாடு வாங்குவோம், நாட்டு மாட்டுப் பாலைத் திருப்பூரில் இரட்டை விலைக்கு விற்போம் என்றேன். வீடியோவில் சொன்ன கணக்கு. மாமா சிரிக்கவில்லை, அவர் மாப்பிள்ளை முன்னால் சிரிக்க மாட்டார். அது ஏர் பூட்டவும் வண்டி இழுக்கவும் வந்த மாடு, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் கறந்தால் பெரிய விஷயம் என்றார். "கன்னுக்குட்டி குடிச்ச மீதிதானுங்க நமக்கு."

தண்ணீர் விஷயத்தில் நான் இன்னும் நம்பிக்கையோடு இருந்தேன், ஏனென்றால் தோட்டத்துப் பக்கம் வாய்க்கால் ஓடுகிறது. ஓடுகிறது என்பது வாய்க்காலின் வடிவத்தை மட்டும் சொன்னது. பரம்பிக்குளம் – ஆழியாறு பாசனத்தில் நிலத்தை நான்கு மண்டலமாகப் பிரித்து, ஒரு மண்டலத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் தண்ணீர் விடுகிறார்கள். அதுவும் முறை வைத்து. நல்ல தண்ணி எந்தக் கிழமை வரும் என்று மண்ணரையில் புலம்பியவனுக்கு, இங்கே எந்த வருடம் வரும் என்று பதில் கிடைத்தது.

அமைதியாவது கிடைத்ததா என்றால், பக்கத்துத் தோட்டத்தில் கோழிப்பண்ணை. குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது, மருந்தும் கம்பெனியுடையது; வளர்த்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. டெலிவரி சலான் ஒன்றுதான் பாக்கி; மற்றபடி பச்சை ஜாப் ஒர்க். பவர் டேபிள் போட்டு கம்பெனிக்குத் தைத்துக் கொடுக்கிற என் தம்பி நிலைமைதான் பண்ணைக்காரருக்கும், தலைக்கு மேல் ஈ மொய்ப்பது மட்டும் கூடுதல். பண்ணையில் வேலை பார்ப்பது ஒடிசாக் குடும்பம். செக்கிங் டேபிளில் நான் கற்ற இந்திக்கு அங்கே நல்ல வேலை. மாமனார் ஊரில் நான் தட்டுத்தடுமாறாமல் பேசியது அந்த ஒடிசாக்காரரிடம் மட்டும்தான். அவரும் முன்பு திருப்பூரில் அயர்ன் டேபிளில் நின்றவராம். எங்கே என்று கேட்டேன். மண்ணரை என்றார்.

லீவு முடிவதற்குள்ளேயே சில கம்பெனிகள் திறந்துவிட்டன. ஒரு நாள் காலை ஏழு மணிக்கு முன்னால், வாயில் பிரஷ்ஷோடு ரோட்டோரம் நின்றேன். இயற்கையைப் பார்ப்பதாக எண்ணம். ஒரு கம்பெனி வேன் வந்து நின்றது. சோத்துப் பையும் மல்லிகைப்பூவுமாக ஏழெட்டுப் பெண்கள் எங்கிருந்தோ வந்து ஏறினார்கள். பின்னாலேயே இரண்டு பையன்கள். ஒருவர் ஓவர்லாக், ஒருவர் பேட்லாக், மீதிப்பேர் கைமடி. டிரைவர் என்னைப் பார்த்து ஹாரன் அடித்தார். "ஏனுங்ணா, ஏறலீங்களா?" என்றது ஒரு பிள்ளை. நான் இங்கேயே குடிவரப் பார்க்கிறேன் என்று நுரையோடு சொன்னேன். வேனுக்குள் அப்படியொரு நிசப்தம். பிறகு, ஜன்னலோரத்து அக்கா ஒருவர் ரொம்ப அக்கறையாகக் கேட்டார்: "ஊட்டுல எல்லாரும் நல்லாருக்காங்களாங்க?"

வேன் போன பிறகு ஊரில் மிஞ்சியது என் வயதுக்கு மேற்பட்டவர்களும் ஆடுகளும்தான். நான் குடிவந்தால் என்ன நடக்கும் என்பது அந்தப் புழுதியிலேயே தெரிந்துவிட்டது. பாலில் சாணிதான் மிச்சம் என்றால், சம்பளத்துக்கு நானும் அதே வேனில் ஏறி அதே செக்கிங் டேபிளுக்குத்தான் போக வேண்டும். இப்போது நடந்து போகிற கம்பெனிக்கு, அப்போது நாலரை மணி மயிலோடு எழுந்து போக வேண்டும். குண்டடத்துக்காரர்கள் திருப்பூரை விட்டு ஓடவில்லை. திருப்பூர்தான் வேன் வைத்து அவர்கள் வாசலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

இதில் நகைக்க ஒன்றுமில்லாத விஷயமும் உண்டு. 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் இருந்த மூன்று பேரைக் கொன்றுபோட்டார்கள். அதிலிருந்து இந்தப் பக்கம் தோட்டத்து வீடுகளில் கேமரா மாட்டுகிறார்கள், நாய் கட்டுகிறார்கள், பொழுது சாய்ந்தால் கதவைத் தாழ் போடுகிறார்கள். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துப்போட, செத்த ஆடுகளோடு விவசாயிகள் ரோட்டில் உட்கார்ந்ததும் நடந்தது. மாமா எழுபதைத் தாண்டிவிட்டார். நான் வருகிறேன் என்றதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததும், நான் பால் கறந்ததைப் பார்த்ததும் அது அணைந்ததும் எனக்குத் தெரியும். இருந்தாலும், "நீங்க இருந்தா ஆள் நடமாட்டமாச்சும் இருக்குமுங்க" என்றார். அதற்கும் நான் லாயக்கில்லை. ராத்திரி அவர் வளர்க்கிற நாயே குரைத்தபோது கட்டிலை விட்டு நான் எழவில்லை என்பதை வீட்டில் எல்லோரும் கவனித்திருக்கிறார்கள்.

திரும்புகிற பஸ்ஸில் பையர் ரிப்போர்ட் கொடுத்தார். குனிந்தால் இடுப்புப் பிடிக்கிறது, உட்கார்ந்தால் மாடு உதைக்கிறது, நடந்தால் நெருஞ்சி குத்துகிறது, சிக்னல் இல்லாத இடத்தில் ஷேப் மாறிவிடுகிறது. சாம்பிள் ரிஜெக்ட். ஆல்ட்டர் பண்ணிக் கொடுக்கலாமா என்று கேட்டேன். துணியே தப்பு என்றாள்.

ஆகவே நாங்கள் மண்ணரையிலேயே இருக்கிறோம். ஆனால் மாமனாரின் தேவை அப்படியே இருக்கிறது. அதை இங்கே எழுதச் சொல்லியிருக்கிறார். குண்டடம் பக்கம் தோட்டத்துச் சாளையில் தங்கிக்கொள்ள ஒரு குடும்பம் வேண்டும். வாடகை கிடையாது, பால் செலவு கிடையாது. மாடு கறக்கத் தெரிந்திருக்க வேண்டும், நாய் குரைத்தால் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். வீடியோ பார்த்து விவசாயம் கற்றவர்கள் தயவுசெய்து வர வேண்டாம். அவருக்கு ஏற்கெனவே ஒரு மாப்பிள்ளை இருக்கிறார்.