பட்டி பூசினால் துரு போகுமா?

கேள்வி: தாத்தாவின் மொரிஸ் மைனர் ஷெட்டில் நிற்கிறது. அடிப்பக்கமெல்லாம் துரு. வீட்டிலேயே திருத்தலாமா?
- வாசகர், பூண்டுலோயா

பதில்: தாராளமாக! பட்டி டப்பாவை மட்டும் ஒளித்து வையுங்கள். துருவின் மேல் பட்டி பூசினால் கார் அழகாகும். துரு உள்ளே நிம்மதியாகச் சாப்பிடும். 1948இல் வந்த இந்த மொடலுக்குத் தனி சேஸி கிடையாது, பாரம் முழுவதையும் பாடியே சுமக்கிறது. கதவுக்குக் கீழுள்ள சில், முன் சீட்டுக்கு அடியில் ஓடும் குறுக்குச் சட்டம், பின் லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடம் மூன்றையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் தகடு இல்லை, பெயின்ட்தான் நிற்கிறது!

சில்லை வெட்டுமுன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துப் பற்றவையுங்கள். மறந்தால் பாடி வளைந்து, கதவு ஜென்மத்துக்கும் மூடாது. நம் மலைப் பனியில் சுரண்டிய தகடு ராத்திரியிலேயே சிவக்கும். அன்றைக்கே சிங்க் பிரைமர் அடியுங்கள்.

குறுக்குச் சட்டத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். முறுக்கேறிய டோர்ஷன் பார் அதில்தான் மாட்டியிருக்கிறது, ஆளையே அடித்துவிடும். பெட்ரோல் டாங்கியைக் கழற்றிவிட்டு, அந்த வேலையை அனுபவமுள்ள டிங்கர் பாஸிடம் கொடுங்கள்.